கூடையில்லாமல் போவோம்



நம் சபையின் வருடாந்தரப் பயணம் இம்முறை கொடைக்கானலை அடுத்த பூம்பாறைக்கு என்று மூப்பர் கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இப்போது பேசப்படுவதெல்லாம் எத்தனை பஸ், எந்த மாதம், தலைக்கு எவ்வளவு என்பவையே. இந்த மூன்றைக் குறித்தும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லி முடிப்பதைவிட, இவ்வாரத் தியானமாகவே எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று. ஏனெனில் இதில் பஸ் கணக்கைக் காட்டிலும் பெரிய கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. பிறனுடைய நிலத்துக்குள் தேவ ஜனம் எப்படிப் பிரவேசிக்க வேண்டும் என்பதே அது.

பூம்பாறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கொடைக்கானல் ஊரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போக வேண்டும். காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் சாலை, ஒரு திருப்பத்தில் திடீரென்று திறந்துகொள்ளும். கீழே ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவில் நெருக்கியடித்த வீடுகளோடு ஒரு சிற்றூர். ஊரைச் சுற்றி, சரிவு முழுவதும், படிப்படியாக இறங்கிவரும் வயல்கள். ஒரு படியில் பூண்டு, அடுத்த படியில் உருளைக்கிழங்கு, அதற்கும் கீழே கேரட், பீன்ஸ், முட்டைகோஸ். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். மேலும் மேற்கே போனால் மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று இதே போன்ற ஊர்கள் உண்டு. இவற்றைச் சூழ்ந்துள்ள காடுகளில் பெரும்பகுதியை 2013-ஆம் ஆண்டில் அரசு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தக் காட்டின் நடுவே, கையகலத் துண்டுகளாக இந்த வயல்கள் கிடக்கின்றன.

அந்தச் சாலைத் திருப்பத்தில் நின்று பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "எவ்வளவு அமைதி!" உண்மைதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஓசையிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தத்திலும் ஊறிப்போன செவிகளுக்கு அது அமைதியாகவே கேட்கும். ஆனால் அந்த அமைதி எதனால் ஆனது என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன்.

மலைச்சரிவு விவசாயத்துக்கென்று அமைந்ததன்று. கொட்டுகிற மழை மண்ணைத் தூக்கிக்கொண்டு நேராகக் கீழே ஓடிவிடும். ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், உழுது வைத்த மேல்மண் முழுவதும் ஓடைக்குள் போய்ச் சேர்ந்துவிட. ஆகவே மனிதன் சரிவை வெட்டிப் படியாக்கினான். ஒவ்வொரு படியின் விளிம்பிலும், அந்தச் சரிவிலேயே பொறுக்கிய கற்களை அடுக்கிக் கட்டுக் கட்டினான். மழைநீர் படிக்குப் படி நின்று, மண்ணில் ஊறி, மிஞ்சியது மட்டும் கீழே இருக்கிறவனுடைய படிக்கு இறங்குகிறது. மேலே இருக்கிறவன் தன் கல்கட்டைக் கவனியாமல் விட்டால் இடிவது அவனுடைய வயல் மட்டுமன்று. கீழே உள்ளவனின் பயிரும் மண்ணுக்குள் போகும். ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் சரிந்த இடங்களைத் திரும்ப எடுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. நம்முடைய நெல்வயல்களில் ஓடுகிற பெரிய டிராக்டருக்கு இந்தக் குறுகிய படிகளில் இடமில்லை. மண்வெட்டி, கை, முதுகு, இவைதான் அங்கே முதன்மையான கருவிகள்.

இதைத் தொடங்கியவர்கள் யார்? பழனிமலையின் மேல்மலைக் கிராமங்களில் நெடுங்காலமாகப் பயிர் செய்து வருகிற குன்னுவர்கள், தங்கள் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்கும் முன்பே பளியரும் புலையரும் இம்மலைகளில் வாழ்ந்திருந்தனர். ஆங்கிலேயருடைய மாளிகைகளும், படகு விடும் ஏரியும், நாம் வாங்கிவரும் சாக்லேட்டும் எல்லாம் பின்னால் வந்தவை. கொடைக்கானல் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுகிற காட்சிகளுக்கு முன்பே அந்தச் சரிவுகளில் படிகள் இருந்தன.

அந்தப் படிகளில் விளைகிற மலைப்பூண்டு பேர்போனது. 2019-ஆம் ஆண்டில் "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடத்தில் இரண்டு போகம். மே மாதத்தை ஒட்டி ஒன்று, நவம்பரை ஒட்டி ஒன்று. அறுவடையான பூண்டைக் கட்டுக் கட்டாகப் புகையில் காயவைப்பதால் நெடுநாள் கெடாமல் இருக்கிறது. அங்கிருந்து தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. நம் வீட்டு ரசத்தில் இரண்டு பல் மலைப்பூண்டு தட்டிப் போட்டால் மணம் தெருமுனை வரை போகும் என்று நம் சபைத் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மணத்துக்குப் பின்னால், பனியில் குனிந்து களையெடுக்கிற பெண்களின் முதுகுவலி இருக்கிறது. இரவில் இறங்கி வருகிற காட்டுமாடுகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் அஞ்சிக் காவல் காக்கிறவர்களின் தூக்கம் கெட்ட கண்களும் இருக்கின்றன. அமைதி என்று நாம் சொல்வது பலருடைய வேலையின் சத்தம். தொலைவில் நிற்பதால் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவே.

வேதாகமத்து நாடும் மலைநாடுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யூதேயாவின் மலைச்சரிவுகளிலும் இதே போலக் கல்கட்டுக் கட்டிப் படிகளாக்கித்தான் திராட்சையும் ஒலிவமும் வளர்த்தார்கள். ஏசாயா தீர்க்கதரிசி ஐந்தாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்தைக் குறித்துச் சொல்லத் தொடங்கும்போது, அந்தத் தோட்டக்காரன் நிலத்திலுள்ள கற்களைப் பொறுக்கியதை விடாமல் குறிப்பிடுகிறார். மலையில் விவசாயம் செய்தவனுக்குத்தான் அந்த வேலையின் பாரம் தெரியும். பெத்லகேமுக்கு அருகேயுள்ள பத்தீர் என்னும் ஊரில் இன்றும் அத்தகைய படிக்கட்டுத் தோட்டங்கள் உள்ளன. 2014-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவ்வூரின் ஊற்றுநீரை எட்டுக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு நாளாக முறைவைத்துப் பாய்ச்சுவதால், அங்கே வாரத்துக்கு எட்டு நாள் என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். தங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்று புலம்புகிற நம் ஷிப்டு வேலைக்கார சகோதரருக்கு அந்த ஊர் பிடிக்கும்.

இத்தகைய நாட்டில் வாழ்ந்த ஜனங்களுக்குத்தான் கர்த்தர், உபாகமம் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களில் ஒரு சிறிய கட்டளையைக் கொடுத்தார். பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்கப்படாத கட்டளை அது. என் சொந்த வார்த்தைகளில் சொல்கிறேன். வேதத்தைத் திறந்து வாசித்துக்கொள்ளுங்கள். பிறனுடைய திராட்சத்தோட்டத்துக்குள் போகிற ஒருவன் பசிதீரப் பறித்துத் தின்னலாம், ஆனால் பாத்திரத்தில் போட்டு எடுத்து வரலாகாது. பிறனுடைய விளைந்த வயலுக்குள் போகிறவன் கதிரைக் கையால் கொய்யலாம், ஆனால் அரிவாளை நீட்டலாகாது.

எவ்வளவு அழகாக இரண்டு பக்கமும் காக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரன் வேலி போட்டு வழிப்போக்கனை விரட்டக்கூடாது. பசித்தவனுக்கு அந்த நிலத்தின்மேல் ஓர் உரிமை உண்டு. அதே சமயத்தில் வழிப்போக்கனும் தன் நிலையை மறந்துவிடக்கூடாது. அவன் உழவன் அல்லன்; அந்த விளைச்சலில் அவன் சிந்திய வேர்வை இல்லை. கை நிரம்பினால் போதும், கூடை நிரம்ப வேண்டியதில்லை. நம் ஆண்டவருடைய சீஷர்கள் பயிர் வழியே நடந்துபோகையில் கதிர்களைக் கொய்து தின்றது இந்த உரிமையின்படிதான். பரிசேயர்கள்கூட அவர்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. ஓய்வுநாளில் ஏன் கொய்தீர்கள் என்றுதான் வழக்காடினார்கள்.

பிரியமானவர்களே, பூம்பாறையில் நாம் திராட்சையும் கோதுமையும் பறிக்கப்போவதில்லை. ஆனாலும் நம் கையில் கூடை உண்டு. நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிய குழுவினர், சாலையோரத்து வயலுக்குள் இறங்கி, முளைத்து நின்ற பாத்திகளின்மேல் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பின் வரிசையில் இருந்தவர்கள் முகம் தெரியவில்லை என்று இன்னும் ஒரு படி மேலே ஏறினார்கள். அதில் ஒருவர் கல்கட்டின் விளிம்பில் காலை ஊன்றினார். இரண்டு கற்கள் உருண்டன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிரித்த முகமும், பிள்ளைகள்மேல் அன்பும் உடைய, நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். அந்த இடம் யாரோ ஒருவருடைய வேலைத்தலம் என்பது அவர்கள் எண்ணத்தில் வரவில்லை. நம்முடைய தொழிற்சாலைக்குள் ஓர் அந்நியர் கூட்டம் நுழைந்து லேத் இயந்திரத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்தால் நம் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கூடை ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதாமல் விட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. நம் சபையிலேயே சிலர் என்னிடம் வந்து, மலையில் ஐந்து சென்ட், பத்து சென்ட் வாங்கி ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ளப் போகிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாடுபட்டுச் சேர்த்த பணம். ஓய்வு பெற்றபின் குளிர்ந்த காற்றில் வாழ ஆசை. அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. ஆனாலும் ஜெபிக்கிறதற்கு முன் 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசித்தேன். ஆகாப் ராஜாவுக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் எதற்கு வேண்டியிருந்தது? அரமனைக்குப் பக்கத்தில் ஒரு கீரைத்தோட்டம் போட. அவனும் முதலில் பறித்துக்கொள்ள முயலவில்லை. வேறு நிலமோ நியாயமான விலையோ தருகிறேன் என்றுதான் கேட்டான். நாபோத்துக்கோ அது விலை பேசும் பொருளாய் இருக்கவில்லை. பிதாக்களின் சுதந்தரமாய் இருந்தது. கதை முடிந்த விதம் உங்களுக்குத் தெரியும்.

மலையில் நிலம் வாங்குகிற ஒவ்வொருவரும் ஆகாப் என்று சொல்ல நான் வரவில்லை. கடன் தாங்காமல் விற்க விரும்புகிற விவசாயியும் உண்டு. அவருக்கு நியாயமான விலை கிடைப்பது நல்லதே. ஆனால் பூண்டு விளைந்த ஒரு படி, வருடத்தில் பத்து நாள் மாத்திரம் திறக்கிற வீடாக மாறும்போது, அந்தப் படியின் கல்கட்டை மழைக்குப் பின் யார் எடுத்துக் கட்டுவார்? மேல்படிக்காரன் சென்னையில் இருக்கிறான். கீழ்ப்படிக்காரன் மழை இரவில் விழித்திருக்கிறான். பக்கத்து வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஏசாயா சொல்லும் ஐயோவை இந்த இடத்தில் வைத்து வாசியுங்கள். ஜெபக்குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே என்று அந்தச் சகோதரருக்கும் சொன்னேன். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

இதைச் சொல்ல நமக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் குடியிருக்கிற மண்ணும் இப்படிப் படி வைத்த மண்தான். நம்ப மாட்டீர்கள். அம்பத்தூரில் ஏது மலை என்பீர்கள். ஆனால் நம் முன்னோர், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சரிவையும் அறிந்து, அதற்குக் குறுக்கே கரையெழுப்பி ஏரிகளை வெட்டினார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு. கொரட்டூர் நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்கு. பூம்பாறையில் ஒரு கல்கட்டு செய்கிற வேலையைத்தான் இங்கே ஓர் ஏரிக்கரை செய்தது. நீரை நிறுத்துவது, ஊறவைப்பது, மிஞ்சியதைக் கீழே இருக்கிறவனுக்கு விடுவது. அந்த ஏரிகளின் கீழே நெல்வயல்கள் இருந்தன. பூவிருந்தவல்லி என்ற பெயரே இப்பக்கத்தில் மல்லிகை மணத்ததைச் சொல்கிறது.

1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அவற்றை நான் குறைசொல்லேன். நம் சபையாரில் பாதிப் பேருக்கு மேல் அவற்றால் பிழைத்தவர்கள், அல்லது பிழைத்தவர்களின் பிள்ளைகள். நம்முடைய ஆலயக் கட்டட நிதியின் முதல் ரசீதுகளைப் பாருங்கள், எல்லாம் ஆலைத் தொழிலாளரின் பெயர்களே. ஆனால் ஆலைகளுக்குப் பின்னால் வந்த மனைப்பிரிவுகள் வயல் எது, வாய்க்கால் எது, வரப்பு எது என்று பாராமல் நிரப்பிக்கொண்டே போயின. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் வீடுகளுக்குள் வந்து நின்ற தண்ணீர், தனக்குரிய படிகளைத் தேடி வந்த தண்ணீர்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பூம்பாறையைப் பார்த்தவுடன் நம் உள்ளத்தில் ஏதோ ஒன்று இளகுகிறதே, அதற்குக் காரணம் குளிர்ந்த காற்று மட்டுமன்று என்று நினைக்கிறேன். இங்கே நம் காலடியில் மறைந்துபோனது அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. அதை இழந்த நாம், அங்கேயும் போய் அதை மனைகளாகப் பிரித்து வாங்கத் துடிப்பது சரியா என்பதே என் கேள்வி.

இனி பஸ் கணக்கு. கோடைக்காலத்தில் மலை தாங்காது என்பது இப்போது நீதிமன்றமே அறிந்த விஷயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. ஒரே நாளில் 6,000 வண்டிகள்! அதுவும் கட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கை. இந்த இ-பாஸை எப்படியாவது கடைசி நேரத்தில் எடுத்துவிடலாம், தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம் வாலிபர்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்படிப்பட்ட தெரிந்தவர் நமக்கு வேண்டாம்.

மே மாதத்தில் மூன்று பஸ் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணம் வாகன நெரிசல் மட்டுமன்று. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், ஊழியத்தில் களைத்துப்போன சீஷர்களைத் தனித்து ஓரிடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைக்கிறார். உண்ணவும் நேரமில்லாதபடி ஜனங்கள் வருகிறதும் போகிறதுமாய் இருந்தார்கள் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். நாமோ அந்த ஜனக்கூட்டத்தையே மூன்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியையும் ஜெனரேட்டரையும் கட்டிக்கொண்டு, இளைப்பாறப் போகிறோம். 150 பேருக்குச் சமையல், 150 பேருக்குக் கழிப்பறை, 150 பேருக்குக் குழுப்படம். திரும்பி வந்தபின் இன்னும் இரண்டு நாள் விடுப்பு எடுக்காதவர் உண்டா?

மலைக்குப் போய் இளைப்பாறுவது நம் சபைகளுக்குப் புதிதன்று. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது, சமவெளியின் வெப்பமும் நோயும் தங்கள் குடும்பங்களைத் தொடர்ந்து வாட்டியதால்தான் மலையேறினார்கள். அவர்களுக்கு அது உயிர்ப்பிரச்சினையாய் இருந்தது. டோலியிலும் குதிரையிலும் நடந்தும் ஏறினார்கள். போனால் வாரக்கணக்கில் தங்கினார்கள். நம்மைப் போல வெள்ளி இரவு ஏறி, சனிக்கிழமை ஏழு இடங்களைப் பார்த்து, ஞாயிறு இரவு இறங்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு என்று அறிவேன். ஷிப்டில் வேலை செய்கிறவருக்கு விடுப்புக் கிடைப்பது அரிது; பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான்; வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு வெளியூர் காட்ட வேறு வழியில்லை; தனிக் குடும்பமாகப் போனால் செலவு தாங்காது, பஸ் நிறைந்தால்தான் தலைக்குக் குறையும். இவை நியாயமான வார்த்தைகள். வசதியுள்ளவர்கள் ரிசார்ட்டில் ஓய்வெடுக்கட்டும், ஏழைகள் வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு போதகன் சொல்லலாகாது. உபாகமத்தின் கட்டளையும் வழிப்போக்கனுக்கு உள்ளே வர இடம் கொடுக்கிறது. சுற்றுலாப் பயணிகளால் அவ்வூர்க் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் வருமானம் வருகிறது என்பதும் மெய்தான்.

ஆகையால் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலாண்டு விடுமுறையில், வார நாட்களில், ஒரு நேரத்தில் ஒரு வேன் என்று போவோம். இரண்டு அல்லது மூன்று தடவையாகப் பிரிந்து போனால் விருப்பமுள்ள யாவரும் போகலாம். வேனில் தலைக்கு ஆகிற கூடுதல் செலவை, இயலாத குடும்பங்களுக்குச் சபை நிதியிலிருந்து தர மூப்பர்களைக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கியை எடுக்கவேண்டாம், பாடுகிறவர்களுக்குத் தொண்டை போதும். ஏழு இடம் பார்க்கிற பட்டியலும் வேண்டாம். பூம்பாறையில் ஒரு முழுப் பகல். அதில் இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேசாமல், போனையும் கையில் எடுக்காமல், சாலையோரத்திலோ சோலையின் ஓரத்திலோ உட்கார்ந்திருப்போம். நம்மால் முடியுமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

வயலுக்குள் இறங்க விரும்பினால், வேலை செய்கிறவரிடம் "ஐயா, வரலாமா?" என்று கேட்டு, அவர் காட்டுகிற வரப்பில் மாத்திரம் நடப்போம். அவர் வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லித் திரும்புவோம். பூண்டு வாங்குவதானால் அவர் சொல்கிற விலைக்கு வாங்குவோம். கோயம்பேட்டில் பேரம் பேசுகிற நம் சாமர்த்தியத்தை வத்தலக்குண்டிலேயே இறக்கி வைத்துவிடலாம். கொண்டுபோகிற பிளாஸ்டிக்கையும் குப்பையையும் நம்மோடு திரும்ப எடுத்து வருவோம். கூடை என்று ஒன்று இருக்குமானால் அதற்காக இருக்கட்டும்.

இன்னொன்று. அவ்வூரார் குழந்தை வேலப்பர் கோயிலைப் போற்றி வாழ்கிறவர்கள். அந்தக் கோயிலைச் சுற்றித்தான் ஊரே அமைந்திருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகக் கைப்பிரதிகளை வீசிக்கொண்டு போவது ஊழியமாகாது. நம்மில் சிலருக்கு இந்தக் கருத்தில் மாறுபாடு இருக்கக்கூடும். தனியே வந்து பேசுங்கள். என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் வாசற்படியில் நின்றபடியே என் வீட்டைக் குறை சொல்லத் தொடங்கினால் நான் அவரிடம் எதையும் கேட்க மாட்டேன். அவ்வூரார் நம்மைக் குறித்துக் கேட்டால் பதில் சொல்வோம். நாம் விட்டுச் சென்ற வயல் வரப்பு சொல்கிற பதிலும் ஒன்று இருக்கும்.

திரும்பி வந்தபின் செய்யவும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாலிபர் ஐக்கியத்தார் ஒரு சனிக்கிழமை காலையில் அம்பத்தூர் ஏரிக்கரையிலிருந்து கொரட்டூர் ஏரிவரை, தண்ணீர் போகும் வழியே நடந்து பார்ப்பார்கள். எங்கே அது தெருவாயிற்று, எங்கே சுவராயிற்று, எங்கே குப்பையால் அடைபட்டது என்று குறித்து வருவார்கள். அந்த வழியில் நம் சபையாரின் வீடுகளும் இருக்கலாம். அதையும் குறிக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் பின் செயலாளரிடம் கொடுங்கள். மே மாதம்தான் வேண்டும் என்கிறவர்களும் தங்கள் காரணத்தை எழுதிக் கொடுக்கலாம். மூப்பர் கூட்டத்தில் அவை வாசிக்கப்படும். கம்பளிச் சட்டை அவசியம். பூண்டு வாங்க ஆளுக்கு ஒரு துணிப்பை எடுத்து வாருங்கள். சிறிய பையாக இருந்தால் போதும்.